நாலு பாக்கெட் அப்பளம்



1959 மார்ச் 15-ஆம் தேதி பம்பாய் கிர்காவ் பகுதியில குஜராத்திப் பெண்கள் 7 பேர், 80 ரூபாய் கடன் வாங்கி, மொட்டை மாடியில உட்கார்ந்து அப்பளம் போட்டாங்க. அன்னைக்கு ஆனது நாலே பாக்கெட். அதைத் தெரிஞ்ச வியாபாரிகிட்ட வித்தாங்க. நஷ்டமே வந்தாலும் யார்கிட்டயும் நன்கொடை வாங்குறதில்லைன்னு உறுதி எடுத்தாங்க. அதுதான் லிஜ்ஜத். இன்னைக்கு அதுல நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பங்குதாரர்கள். அப்பளம் இட்டவங்களுக்கு முதல்ல கூலி. லாபம் அதுக்குப் பிறகுதான் பங்கு.

இந்த வரலாறு எனக்கு ஏன் முக்கியம்னு சொல்றேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல புவிசார் குறியீடு கிடைச்சது. சுந்தரபாண்டியத்துல எங்க குழுவுக்கும் ஆசை வந்துச்சு. பெரிய கடன் வாங்கி பால்கோவா போடலாம்னு பேச்சு. முதல்ல கொஞ்சமா கிண்டி வித்துப் பார்த்தோம். பால், சீனி, விறகு செலவு போக காசு மிஞ்சுச்சு. எல்லாருக்கும் சந்தோஷம்.

ஒரு அக்கா மட்டும் கேட்டாங்க: "அடுப்படியில நின்ன நேரத்துக்குத் தறிக்குத் தார் சுத்தியிருந்தா எவ்வளவு கூலி வந்திருக்கும்?" அதையும் கழிச்சோம். மிச்சம் ஒண்ணுமே இல்லை!

கடனைத் தள்ளி வெச்சோம், யோசனையை விடலை. பால் எங்க மலிவா கிடைக்கும், எந்தக் கடையில விக்கலாம்னு இப்போ விசாரிக்கிறோம்.

சகோதரிகளே, ஒரு தொழில் யோசனையோட மதிப்பை முதல் நாலு பாக்கெட் சொல்லிடும். ஆனா கணக்கு நோட்டுல நம்ம கூலியையும் செலவா எழுதணும். நம்ம உழைப்பு இனாம் இல்லை.