பழங்கணினியில் இருமொழித் திரை: எல்லையூர்களுக்கான இடைமுகக் கருவித்தொகுப்பு

பழைய கணினிகளுக்கு மென்பொருள் எழுதுவோர் வரைகலை இடைமுகக் கருவித்தொகுப்பைத் தேர்வுசெய்கையில் முதலில் நினைவகத்தையும் அடுத்து உரிமத்தையும் பார்ப்பார்கள். கேரள-தமிழக எல்லையிலுள்ள பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டார ஊர்களுக்கு எழுதுபவர் இவ்விரண்டுக்கும் முன்னால் எழுத்தைப் பார்க்க வேண்டும் என்பது என் வாதம்.

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. மொழிகளோ அந்தக் கோட்டோடு பிரிந்துவிடவில்லை. அதனால் எல்லையின் கேரளப் பக்கத்து நூலகத்துக்கோ கடைக்கோ எழுதப்படும் நிரல், தமிழ், மலையாளம் இரண்டையும் ஒரே திரையில் காட்டியாக வேண்டும்.

ஊர்ப்பெயரிலேயே சோதித்துவிடலாம். 'நெய்யாற்றின்கரை' என்பதை யூனிகோடு முறையில் சேமிக்கும்போது நகரம் முன்னும் எகரக் கொம்பு பின்னுமாக அமைகின்றன. திரையில் வரையும்போது கொம்பை நகரத்துக்கு இடப்புறம் கொண்டுவருவது கருவித்தொகுப்பின் வேலை. அது செய்யாவிட்டால் கொம்பு அடுத்த யகரத்தோடு ஒட்டிக்கொள்ளும். கடைசியில் வரும் ஐகாரக் குறியோ எந்த எழுத்துக்கும் சேராமல் தொங்கும். மலையாளத்தில் சிக்கல் இன்னும் அதிகம்: அதே பெயரில் ய்ய, ற்ற இரண்டும் கூட்டெழுத்துகள்; அவற்றோடு, உயிரில்லா மெய்யைக் காட்டும் சில்லெழுத்து ஒன்றும் வருகிறது. சில்லெழுத்துகளுக்குத் தனிக் குறியிடம் 2008இல் யூனிகோடு 5.1இல்தான் கிடைத்தது. அதற்கு முந்தைய எழுத்துருவில் அந்த இடத்தில் வெறும் கட்டமே தெரியும். நல்லவேளையாக, எழுத்துருவை மாற்றக் கருவித்தொகுப்பை மாற்ற வேண்டியதில்லை.

இந்த அளவுகோலை வைத்தால், பழங்கணினி ஆர்வலர்களின் செல்லப்பிள்ளையான எஃப்எல்டிகே பின்தங்கிவிடுகிறது. சிறியது, வேகமானது, பிற நூலகங்களை அதிகம் சாராதது, மறுக்கவில்லை. 2011இல் வந்த 1.3 பதிப்பு யூடிஎஃப்-8ஐ ஏற்றது. ஆனால் குறியீட்டைப் படிப்பது வேறு, எழுத்தை உருவமைப்பது வேறு; லினக்ஸில் அந்தப் பதிப்பு இரண்டாவதைச் செய்வதில்லை. லினக்ஸில் எக்ஸ்எஃப்டி நூலகம் வழியாக எழுத்தை வரையும் டிகே கருவித்தொகுப்புக்கும் இதே குறைதான்.

ஜிடிகே 2 வேறு வகை. 2002இல் அது வெளியானபோதே, இந்திய எழுத்துகளை உருவமைக்கும் பாங்கோ நூலகத்தைத் தன் அடித்தளமாகக் கொண்டிருந்தது. விண்டோஸ் பக்கம் இந்த வசதி விண்டோஸ் 2000இல் தமிழுக்குக் கிடைத்தது. க்யூடியும் தகுதியானதே; அதன் உரிமம் பற்றிய பழைய சண்டை 2000இல் ஜிபிஎல் வந்ததோடு ஓய்ந்துவிட்டது. இருந்தும் நான் ஜிடிகே 2ஐத் தேர்வதற்குக் காரணம், சி மொழியில் எழுதலாம், தேவைப்படும் நினைவகமும் குறைவு. ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் கேரளப் பள்ளிகளை குனு/லினக்ஸுக்குக் கொண்டுசென்றதால், இந்த வகை மேசைத்தளத்தில் பழகிய ஒரு தலைமுறையும் இங்கே உண்டு.

பாங்கோவையே தாங்காத கணினிக்கு என்ன வழி என்று கேட்கலாம். தமிழுக்கு மட்டுமென்றால் டிஸ்கி போன்ற 8 பிட் குறியீடு போதும்: அதில் கொம்பு கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே இருக்கிறது, மேல்பாதி 128 இடங்களுக்குள் தமிழ் அடங்கிவிடுகிறது. மலையாளக் கூட்டெழுத்துகள் அங்கே அடங்கா. தவிரவும், தரவை டிஸ்கியில் சேமித்தால் நாளை வேறு கணினியில் தேட முடியாது. யூனிகோடிலேயே சேமித்து, வரையும் கணத்தில் மட்டும் டிஸ்கிக்கு மாற்றுவதே முறை. பொத்தான்களுக்கும் தலைப்புகளுக்கும் இது சரிவரும். தட்டச்சுப் பெட்டியில் சரிவராது: திரையில் 'கொ' மூன்று துண்டு, சேமிப்பிலோ இரண்டு குறி, இடஞ்சுட்டி எங்கே நிற்கும், அழிப்பு விசை எதை அழிக்கும் என்பதையெல்லாம் நிரலாளரே எழுத வேண்டியிருக்கும். பலரும் இந்த உழைப்பைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஜிடிகே 2க்கு எதிரான வலுவான வாதம், 2020 டிசம்பரில் ஜிடிகே 4 வந்ததோடு அதன் பராமரிப்பு முடிந்துவிட்டது என்பது. இணைய இணைப்பு இல்லாமல் பேரேடோ புத்தகப் பட்டியலோ ஓடும் கணினிக்கு அது பெரிய இடர் இல்லை. இணையத்தில் இணையும் கணினிக்கு என் பரிந்துரை பொருந்தாது. ஆனால் அங்கே கருவித்தொகுப்புக்கு முன்பே இயங்குதளம் காலாவதியாகியிருக்கும்.