பள்ளிப்பட்டுக்கு வரும் சிவப்பு சிலிண்டர்

பள்ளிப்பட்டைத் தாண்டும் கொசஸ்தலை ஆறு, பூண்டி வழியாகப் போய் எண்ணூரில் கடல் சேர்கிறது. கப்பலில் வரும் சமையல் எரிவாயு தமிழ்நாட்டில் இறங்கும் இடங்களில் அந்த எண்ணூரும் ஒன்று. அங்கிருந்து டேங்கர் லாரி ஏறி, நிரப்பும் ஆலையில் 14.2 கிலோவாக அளந்து சிலிண்டருக்குள் அடைபடுகிறது. சிலிண்டரின் கொள்ளளவு 33.3 லிட்டர். திரவம் ஏறத்தாழ 26 லிட்டர்தான் போகிறது. மீதி இடம் வேண்டுமென்றே விட்டது. வெயிலில் திரவம் விரிய இடமில்லாவிட்டால் இரும்பு தாங்காது.

மேல்நிலை வேதியியலில் ஒரு கணக்கு வரும். மூடிய கலனில் வாயு. வெப்பநிலை 27 டிகிரியிலிருந்து 42 ஆனால் அழுத்தம் எவ்வளவு கூடும்? செல்சியஸை அப்படியே போட்டு, ஒன்றரை மடங்கு என்று எழுதிவிடும் பிள்ளைகள் உண்டு. 273 கூட்டிக் கெல்வினாக்கினால் 300, 315. அழுத்தம் 5 சதவீதம்தான் கூடும்.

கணக்கு சரி. ஆனால் மே மாத வெயிலில் வண்டியில் நிற்கும் சிலிண்டருக்குள் நடப்பது வேறு. அங்கே வாயுவுக்குக் கீழே திரவம் கிடக்கிறது. சூடு ஏற ஏற அது ஆவியாகி மேலே நெருக்குகிறது. எரிவாயுவில் உள்ள பியூட்டேனை மட்டும் எடுத்துக்கொண்டால், 27 டிகிரியில் சுமார் 2.5 வளிமண்டலமாக இருந்த அழுத்தம் 42-இல் உண்மையாகவே ஒன்றரை மடங்காகிறது. தப்பான விடையோடு இது ஒத்துப்போவது வெறும் தற்செயல், காரணம் திரவம். புரொப்பேனும் கலந்திருப்பதால் நிஜ சிலிண்டரில் அழுத்தம் இன்னும் அதிகம். இந்த இரண்டு கணக்கையும் ஒரே வகுப்பில், ஒரே பலகையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்ட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். திரவம் இருக்கிறதா என்று கேட்காமல் சூத்திரத்தில் கை வைக்கவே கூடாது.

பள்ளிப்பட்டில், விசைத்தறி ஓடும் தெருவில் சிலிண்டர் இறங்குகிறது. "சீல் பாத்துக்குங்கக்கா" என்கிறார் கொண்டுவந்தவர். கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டையின் உட்புறத்தில் பி-27 என்பதுபோல ஓர் எழுத்தும் எண்ணும் இருக்கும். 2027 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் மறுசோதனை என்று பொருள். சீலோடு அதையும் பார்த்து வாங்க வேண்டும்.

உள்ளே இருக்கும் அத்தனை அழுத்தத்தையும் ரெகுலேட்டர் 30 சென்டிமீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தத்துக்கு இறக்கி அடுப்புக்கு அனுப்புகிறது. பாதி கேஸ் தீர்ந்தாலும் அழுத்தம் பாதியாவதில்லை, திரவம் ஈடுகட்டிக்கொண்டே இருக்கிறது. சுடர் கடைசிவரை சீராக எரிந்து, திடீரென்று சோர்வது அதனால்தான். திரவம் முழுதும் தீர்ந்த நொடியில் உள்ளே வாயு மட்டும். புத்தகக் கணக்கு இப்போதுதான் அப்படியே பொருந்துகிறது. 2.5 வளிமண்டலம், 33.3 லிட்டர், 300 கெல்வின் என்று போட்டால் மிச்சம் சுமார் 200 கிராம் பியூட்டேன். அதில் ஒரு பகுதி எரிந்து, உள்ளழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு இறங்கியபின் அடுப்பு அணைகிறது. அப்போதும் உள்ளே ஏறத்தாழ 80 கிராம் இருக்கும். காலி சிலிண்டர்தானே என்று வால்வைத் திறந்து விளையாடக் கூடாது என்பது இதனால்தான்.

காலியானது ஆலைக்குத் திரும்புகிறது. தேதி கடந்திருந்தால், தண்ணீர் நிரப்பிச் சதுர சென்டிமீட்டருக்கு 25 கிலோ அழுத்தத்தில் சோதிக்கிறார்கள். தண்ணீர் ஏறக்குறைய அமுங்காது. இரும்பு விட்டுக்கொடுத்தாலும் வெடித்துச் சிதறாமல் ஒழுகிவிடும்.