மைசூர்ப் பட்டும் உலக வாணிப உடன்படிக்கைகளும்

மைசூர்ப் பட்டு என்ற சொல்லைக் கேட்டவுடன் அதன் மென்மையும் பொற்சரிகைக் கரையும் நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. இந்நகரில் வந்து குடியேறிய தமிழர்கள் தம் ஊருக்குச் செல்லும்போது உறவினர்க்கென விரும்பி வாங்கிச் செல்லும் பொருள்களில் இதுவும் ஒன்று. அந்தப் பட்டு நூலின் விலையை மல்பெரி என்னும் முசுக்கட்டைச் செடி வளரும் தோட்டமும், பட்டுப் புழு வளரும் மனையும், நூல் ஓடும் தறியும் மட்டுமே முடிவு செய்வதில்லை. எங்கோ தொலைவிலுள்ள நகரங்களில் நாடுகளின் பிரதிநிதிகள் கூடிப் பேசிக் கையொப்பமிடும் வாணிப உடன்படிக்கைகளும் அதனை முடிவு செய்கின்றன. இந்த உண்மையை மைசூரின் இருநூறு ஆண்டு வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. உயர்ந்த பொருள் ஒன்றை உண்டாக்கும் திறமை நமக்கு இருந்தால் மட்டும் போதாது. அப்பொருள் எவ்வாறு விற்கப்பட வேண்டும் என்று விதி வகுக்கும் அவையிலும் நமக்கு ஓர் இடம் வேண்டும் என்பதே அவ்வரலாறு புகட்டும் பாடமாகும்.

மைசூரில் பட்டுத்தொழில் வேரூன்றியது திப்பு சுல்தானின் காலத்தில். 1786ஆம் ஆண்டு, வங்காளத்திலிருந்து பட்டுப்புழுக்களைக் கொண்டுவருமாறு அனுப்பப்பட்ட புர்ஹானுத்தீன், கஸ்தூரி ரங்கா என்னும் இருவர் திரும்பி வருவதைப் பற்றித் திப்பு தம் ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டை அதிகாரிக்கு எழுதிய கடிதம் இன்றும் கிடைக்கிறது. புழுக்களை வளர்ப்பதற்கு நாட்டில் 21 இடங்கள் குறிக்கப்பட்டன. திப்பு பொருளை உண்டாக்குவதோடு நின்றுவிடவில்லை. அதற்குச் சந்தையையும் தேடினார். அரபுக் கடற்கரையிலுள்ள மஸ்கட்டில் மைசூர் அரசாங்கத்தின் வாணிபக் கோட்டம் ஒன்று இயங்கியது. சந்தனமும், மிளகும், ஏலமும், அரிசியும் அங்குச் சென்றன. துருக்கிப் பேரரசின் தலைநகராகிய கான்ஸ்டாண்டிநோபிளுக்கு அவர் அனுப்பிய தூதுக்குழு, அரசியல் உதவியுடன் வாணிபச் சலுகைகளையும் நாடிச் சென்றது. பாரசீக வளைகுடாவின் தலைப்பகுதியிலுள்ள பஸ்ரா துறையில் தமக்கு உரிமை வேண்டும், அதற்கு ஈடாக மங்களூரில் துருக்கியருக்கு உரிமை தரப்படும் என்பது அவருடைய எண்ணமாக இருந்தது.

ஆயினும், அந்நாளில் வாணிப உடன்படிக்கையின் வாசகங்களைப் போர்க்களமே எழுதியது. 1784ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் முடிவான மங்களூர் உடன்படிக்கையைப் பொதுவாகச் சமாதான உடன்படிக்கை என்றே வரலாற்று நூல்களில் படிக்கிறோம். அதிலும் வாணிபம் இருந்தது. ஹைதர் அலி 1770ஆம் ஆண்டு ஆங்கிலக் கம்பெனிக்கு அளித்திருந்த வாணிபச் சலுகைகளை எல்லாம் திப்பு புதுப்பித்துத் தர ஒப்புக்கொண்டார். எட்டு ஆண்டுகள் கழித்து, 1792ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஏற்பட்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை, நாட்டில் ஏறத்தாழப் பாதியையும், மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாயையும் அவரிடமிருந்து கொண்டது. மிளகு விளையும் மலையாளக் கரை கையைவிட்டுச் சென்றது. 1799இல் திப்பு வீழ்ந்தபின் மங்களூரும் கன்னடக் கடற்கரையும் கம்பெனியின் வசமாயின. அன்று முதல் மைசூர், கடலைக் காணாத உள்நாட்டுச் சமஸ்தானமாயிற்று. துறைமுகம் இல்லாத நாட்டுக்குச் சுங்கச்சாவடியும் இல்லை. சுங்கச்சாவடி இல்லாத நாட்டுக்கு வெளிநாட்டு வாணிபத்தில் சொல்லும் இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நோயினாலும் அயல்நாட்டுப் போட்டியினாலும் பட்டுத்தொழில் பல முறை தளர்ந்தது. அந்நூற்றாண்டின் இறுதியில் ஜாம்ஷெட்ஜி டாட்டா ஜப்பானிய முறைகளைக் கையாண்டு பெங்களூரில் ஒரு பட்டுப் பண்ணையை அமைத்தார். நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் ஆட்சியில், 1912ஆம் ஆண்டு மைசூர் நகரில் பட்டு நெசவாலை தோன்றியது. அதே ஆண்டில் திவான் பதவியை ஏற்ற விசுவேசுவரய்யா கைத்தொழில் வளர்ச்சியைத் தம் ஆட்சியின் தலையாய கடமையாகக் கொண்டார். இவ்வாறு மைசூர் தன்னால் இயன்றதைச் செய்தது. ஆனால், தன்னால் இயலாதது ஒன்று இருந்தது. அது 1930க்குப் பின் வெளிப்பட்டது.

உலகெங்கும் பொருளாதார மந்தம் பரவிய காலம் அது. சீனாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் மிகக் குறைந்த விலைக்குக் கச்சாப் பட்டு இந்தியத் துறைமுகங்களில் வந்து இறங்கிற்று. மைசூர்க் கிராமங்களில் பட்டுக்கூட்டின் விலை சரிந்தது. சமஸ்தான அரசாங்கம் முறையிடலாமே தவிர, துறைமுகத்தில் வரி விதிக்க இயலாது. அந்த அதிகாரம் பிரிட்டிஷ் இந்திய அரசாங்கத்திடம் இருந்தது. அவ்வரசாங்கமோ அப்போது வேறொரு பெரிய பேரத்தில் ஈடுபட்டிருந்தது.

அதுதான் இந்திய-ஜப்பானிய வாணிபப் பேச்சு. ஜப்பானியத் துணி இந்திய ஆலைகளை நெருக்கியதால், ஜப்பானுடன் இருந்த பழைய உடன்படிக்கையை முடித்துக்கொள்வதாக 1933இல் இந்திய அரசாங்கம் அறிவித்தது. ஜப்பானிய ஆலையாளர் அதற்கு விடையாக இந்தியப் பருத்தியை வாங்க மறுத்தனர். சிம்லாவில் பேச்சு தொடங்கியது. 1934ஆம் ஆண்டு ஜூலையில் கையொப்பமான உடன்படிக்கையின் சாரம் இது: ஜப்பான் பத்து லட்சம் பேல் பருத்தி வாங்கினால் 32.5 கோடி கஜம் துணியை இங்கே அனுப்பலாம். பதினைந்து லட்சம் பேல் வாங்கினால் 40 கோடி கஜம் வரை அனுப்பலாம். பருத்தி பயிரிடுவோருக்கும் ஆலை முதலாளிகளுக்கும் அங்கே வாதாடுவதற்கு ஆள் இருந்தது. மைசூர்ப் பட்டு விவசாயிக்கு அந்த மேசையில் நாற்காலி இல்லை. சுங்கவரி வாரியம் 1933இல் பட்டுத்தொழிலின் நிலையை ஆராய்ந்து அறிக்கை அளித்தபின், 1934இல் கச்சாப் பட்டுக்குப் பாதுகாப்பு வரி கிடைத்தது உண்மையே. அது பிறர் மனமிரங்கி அளித்த உதவி. தாமே அமர்ந்து பெற்ற உரிமை அன்று. இரண்டாம் உலகப்போர் மூண்டு ஜப்பானியப் பட்டு வரவு நின்றபோதுதான் மைசூர்ப் பட்டுக்குப் பாராசூட் துணியின் தேவையால் திடீர் மதிப்பு உண்டாயிற்று. போரினால் வரும் வாழ்வு போருடன் போய்விடும் என்பதை அறிந்தோர் அப்போதே கவலை கொண்டனர்.

போர் முடிந்தவுடன், உலக வாணிபத்துக்குப் பொதுவான விதிகள் வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. நாடுகள் ஒன்றையொன்று வரிச்சுவர்களால் அடைத்துக்கொண்டதும் போர் மூண்டதற்கு ஒரு காரணம் என்று பலரும் கருதினர். ஐக்கிய நாடுகளின் பொருளாதார, சமூக மன்றம் 1946ஆம் ஆண்டு ஜனவரியில் இலண்டனில் முதன்முறையாகக் கூடியது. அம்மன்றத்தின் முதல் தலைவர் யார்? நம்மவராகிய சர் ஆற்காடு இராமசாமி முதலியார். 1887இல் கர்நூலில் பிறந்து, சென்னையில் நீதிக்கட்சித் தலைவர்களுள் ஒருவராக விளங்கி, அதன் 'ஜஸ்டிஸ்' பத்திரிகையின் ஆசிரியராகவும் பணியாற்றியவர் அவர். ஐக்கிய நாடுகள் சாசனத்தில் 1945இல் இந்தியாவின் சார்பில் கையொப்பமிட்டவரும் அவரே. அவருடைய தலைமையில் இயங்கிய மன்றம், 1946 பிப்ரவரி 18ஆம் நாள், உலக வாணிபம் பற்றியும் வேலைவாய்ப்புப் பற்றியும் சர்வதேச மாநாடு ஒன்றைக் கூட்டுவதென்றும், அதற்கு முன்னேற்பாடு செய்ய 19 நாடுகள் கொண்ட குழுவை அமைப்பதென்றும் தீர்மானித்தது. இன்றைய உலக வாணிப ஒழுங்கின் பிறப்புச் சீட்டு என்று அந்தத் தீர்மானத்தைக் கூறலாம். அதே 1946ஆம் ஆண்டில் இராமசாமி முதலியார் மைசூர்ச் சமஸ்தானத்தின் திவானாகப் பொறுப்பேற்று, 1949 வரை அப்பதவியில் இருந்தார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு மேசையருகே நாற்காலி இல்லாதிருந்த நாட்டின் திவானே, உலக வாணிபத்துக்கு மேசை போட்ட மன்றத்தின் தலைவர் என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

அந்தக் குழுவின் முயற்சியால் 1947 அக்டோபர் 30ஆம் நாள் ஜெனீவாவில் 23 நாடுகள் சுங்கவரி, வாணிபம் பற்றிய பொது உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. இதனையே பத்திரிகைகள் 'காட்' ஒப்பந்தம் என்று சுருக்கி எழுதின. விடுதலை பெற்று மூன்று மாதங்கூட நிறையாத இந்தியா அவற்றுள் ஒன்று. இலங்கை, பர்மா, பாகிஸ்தான் ஆகியவையும் இருந்தன. இதன் அடிப்படை விதிகள் இரண்டு. ஒரு நாட்டுக்குக் கொடுத்த சலுகையை மற்ற உறுப்பு நாடுகள் அனைத்துக்கும் கொடுத்தல் வேண்டும். சுங்கத்தைச் செலுத்தி உள்ளே வந்த அயல்நாட்டுப் பொருளை உள்நாட்டுப் பொருளைப் போலவே நடத்துதல் வேண்டும். ஹவானாவில் 1948 மார்ச்சில் 53 நாடுகள் ஒப்பிய சர்வதேச வாணிப நிறுவனத்தின் சாசனம், அமெரிக்கக் காங்கிரஸின் இசைவு கிடைக்காமையால் நடைமுறைக்கு வரவே இல்லை. ஆகவே, தற்காலிகமாக ஏற்பட்ட ஜெனீவா உடன்படிக்கையே ஏறத்தாழ அரை நூற்றாண்டு உலக வாணிபத்தை நடத்திற்று.

எல்லோருக்கும் ஒரே விதி என்பது கேட்பதற்கு நீதியாகத் தோன்றும். முதிர்ந்த மரத்துக்கும் முளைத்த செடிக்கும் ஒரே வெயிலை அளிப்பது நீதியாகுமா? இந்தியா போன்ற நாடுகள் எழுப்பிய இவ்வினாவின் பயனாக, வளர்ச்சி குன்றிய நாடுகள் தம் தொழில்களைக் காத்துக்கொள்ளவும், அந்நியச் செலாவணி குறையும்போது இறக்குமதியைக் கட்டுப்படுத்தவும் உடன்படிக்கையின் 18ஆம் விதியில் இடம் ஏற்பட்டது. அந்த நிழலில் இந்தியப் பட்டுத்தொழில் வளர்ந்தது. 1948இல் சட்டம் இயற்றப்பட்டு, மறு ஆண்டில் மத்தியப் பட்டு வாரியம் அமைந்தது. மைசூர் நகரில் 1961இல் மத்தியப் பட்டு வளர்ப்பு ஆராய்ச்சி, பயிற்சி நிலையம் தோன்றியது. இடையே, 1956 நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது, அதுவரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்துவந்த கொள்ளேகாலம் வட்டம் மைசூர் மாநிலத்துடன் சேர்ந்தது. சென்னை மாகாணத்தின் பட்டு வளர்ப்புக்குப் பெயர் பெற்ற பகுதி அது. எல்லைக்கோடு மாறியது, தோட்டத்தின் செடியும், காஞ்சிபுரத்துத் தறிக்குச் செல்லும் நூலும் மாறவில்லை.

1995 ஜனவரி முதல் நாள் உலக வர்த்தக அமைப்பு நடைமுறைக்கு வந்தது. இறக்குமதிக் கட்டுப்பாடுகளை இனி வைத்திருக்க இந்தியாவுக்குக் காரணம் இல்லை என்று அமெரிக்கா தொடுத்த வழக்கில், 1999இல் தீர்ப்பு நமக்கு எதிராக அமைந்தது. 2001 ஏப்ரல் முதல் நாள் எஞ்சியிருந்த 715 பொருள்களின் மீதான கட்டுப்பாடு நீங்கிற்று. அதே ஆண்டு டிசம்பரில் சீனா அந்த அமைப்பில் உறுப்பாயிற்று. உலகில் மிகுதியாகப் பட்டு உண்டாக்கும் நாடு அது. விலை குறைந்த சீனப் பட்டு மீண்டும் வந்து குவிந்தது. 1934ஆம் ஆண்டின் கதையே திரும்பியது போன்ற தோற்றம். ஆனால் இப்போது ஒரு வேறுபாடு இருந்தது. தன் நாட்டு விலைக்கும் கீழாக ஒரு நாடு பொருளை அனுப்பி, அதனால் உள்நாட்டுத் தொழிலுக்குக் கேடு விளைவது மெய்ப்பிக்கப்பட்டால், குவிப்புத் தடுப்பு வரி விதிக்க விதியிலேயே இடம் இருந்தது. இந்தியா 2003இல் சீனக் கச்சாப் பட்டுக்கு அத்தகைய வரியை விதித்தது. இம்முறை அது எவருடைய இரக்கமும் அன்று, உரிமை.

இங்கே ஒரு சிக்கலையும் மறைக்கலாகாது. கச்சாப் பட்டு விலை உயர்ந்தால் கொள்ளேகாலத்துப் பட்டு விவசாயி மகிழ்வார். காஞ்சிபுரத்து நெசவாளர் வருந்துவார். விலை தாழ்ந்தால் நிலைமை தலைகீழாகும். 2011இல் கச்சாப் பட்டின் இறக்குமதிச் சுங்கம் 30 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. பட்டு வளர்ப்போர் கலங்கினர். 2013இல் அது 15 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. இருவரும் உழைப்பாளிகளே, இருவருடைய நியாயமும் நியாயமே. ஜெனீவாவில் பேசுவதற்கு முன், நம் வீட்டுக்குள் பேசித் தீர்க்கவேண்டிய வழக்கு இது என்பதை மறத்தல் ஆகாது.

புதிய ஒழுங்கு மற்றொரு கருவியையும் அளித்தது; அது பெயரின் காவல். ஓர் ஊரின் மண்ணாலும் மக்களாலும் சிறப்புப் பெற்ற பொருளின் பெயரைப் பிறர் பொய்யாகச் சூட்டிக்கொள்ளாமல் தடுப்பதே புவிசார் குறியீடு. 1994ஆம் ஆண்டின் அறிவுசார் சொத்துரிமை உடன்படிக்கையை ஒட்டி, இந்தியா 1999இல் சட்டம் இயற்றியது. அது 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. இதற்கான பதிவகம் சென்னையில் உள்ளது. அங்கே 2005-06ஆம் ஆண்டில் மைசூர்ப் பட்டும் காஞ்சிபுரம் பட்டும் பதிவு பெற்றன. அயலார் வகுத்த இவ்விதியிலும் ஏற்றத்தாழ்வு உண்டு. மதுவகைகளுக்கு உடன்படிக்கை மிக உறுதியான காவலை அளிக்கிறது; மற்றப் பொருள்களுக்கோ, வாங்குவோர் ஏமாற்றப்படுகின்றனர் என்று காட்டினால்தான் காவல். மதுவுக்குள்ள மதிப்புப் பட்டுக்கும் வேண்டும் என்று இந்தியா வாதாடி வந்திருக்கிறது.

விதிகள் ஒருபுறம் இருக்க, தொழிலின் தரத்தை உயர்த்துவது நம் கையில் உள்ளது. மைசூரின் பழைய மஞ்சள் கூட்டைவிட வெண்கூட்டின் நூல் நீளமும் வலிமையும் வாய்ந்தது. அவ்வினத்தை நம் தட்பவெப்பத்துக்கு ஏற்ப வளர்க்கும் முயற்சிக்கு 1991 முதல் உதவிய நாடு எது தெரியுமா? 1934இல் நமக்குப் போட்டியாக நின்ற ஜப்பானேதான். மைசூர் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான வெண்பட்டுக் கலப்பினங்கள் விவசாயிகளின் கைக்கு வந்தன. அன்றைய போட்டியாளர் இன்றைய ஆசிரியராதலும் வாணிபத்தில் உண்டு.

வாளால் எழுதப்பட்ட 1792இன் உடன்படிக்கை. பிறர் எழுத நாம் படித்த 1934இன் உடன்படிக்கை. நாமும் உடனிருந்து எழுதிய 1947இன் உடன்படிக்கை. இம்மூன்றையும் கடந்து வந்திருக்கிறது மைசூர்ப் பட்டு. இடம் கிடைத்ததால் எல்லாம் கிடைத்துவிடவில்லை. சில வழக்குகளில் தோற்றோம், சிலவற்றில் வென்றோம். எனினும், கேட்க வாய் இருந்தது. தாயகத்தை விட்டு வெளிமாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நாம் இதனை எளிதில் உணர்வோம். குடியேறிய ஊரில் உழைப்பினால் மதிப்புப் பெறுகிறோம். அவ்வூரின் அவைகளில் கலந்துகொள்ளும்போதுதான் அம்மதிப்பு நிலைபெறுகிறது. நாடுகளின் வாழ்விலும் முறை அதுவே.