முகவரி மாறியது பெட்டிக்குத் தெரியவில்லை: கேர்னலைத் தாண்டி ஓடும் வலையமைப்பு மென்பொருள்கள்

மலையகத் தோட்டங்களில் பிறந்தவர்களுக்குக் கடிதம் எப்படி வந்து சேரும் என்று நான் சொல்லத் தேவையில்லை. வடக்கு, கிழக்கிலிருந்தும் புலம்பெயர் நாடுகளிலிருந்தும் வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். பல தோட்டங்களில் தபால்காரர் லயத்து வாசலுக்கு வருவதில்லை. லயத்து அறைகளுக்குத் தனித்தனி முகவரி கிடையாது. தோட்டத்தின் பெயரும் டிவிசனின் பெயரும்தான் முகவரி. கடிதங்கள் மொத்தமாகத் தோட்டத்து ஆபீசுக்குப் போகும், அங்கிருந்து யாராவது கொண்டுவந்து கொடுக்க வேண்டும். நேர்முகத் தேர்வு முடிந்த பிறகு அழைப்புக் கடிதம் கைக்கு வந்த கதை இல்லாத டிவிசனைக் காண்பது கடினம்.

எல்லாத் தடவையும் அசட்டையால்தான் இது நடக்கிறது என்று சொல்லமாட்டேன். குடும்பம் மேல் டிவிசனுக்குக் குடிபோய்விட்டது. கிராம சேவையாளரின் பதிவேட்டில் அந்த மாற்றம் இருக்கிறது. கடிதத்தைப் பிரிப்பவர் கையில் இருப்பதோ பழைய பட்டியல். வன்னியில் ஒரே வருடத்தில் நாலைந்து தடவை இடம்பெயர்ந்தவர்களுக்கு இதைவிட அதிகம் தெரியும்: ஆள் ஓரிடம், பதிவு இன்னோரிடம், கடிதம் மூன்றாவது இடம்.

நான் எழுத வந்தது கணினி வலையமைப்பைப் பற்றி. ஹட்டனில் அந்த வேலையைத்தான் செய்கிறேன். இதே கோளாறு ஒரு சேர்வருக்குள் நடந்து, ஒரு மாலை முழுவதும் எங்களை அலையவைத்தது.

2021இல் பாடசாலைகள் மூடிக்கிடந்த காலம். சிக்னல் தேடிப் பிள்ளைகள் மலை உச்சிக்கும் பாறை மேலும் ஏறிய படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நண்பர்கள் சிலர் சேர்ந்து, நகரத்துக்கு வந்த ஃபைபர் இணைப்பை ஒரு கூரையிலிருந்து வயர்லஸ் மூலம் எதிர்மலைக்கு அனுப்பி, அங்கிருந்து மூன்று தோட்டங்களின் வாசிப்பு நிலையங்களுக்குக் கொடுத்தோம். நடுவில் ரவுட்டராக இருந்தது பாவித்த ஒரு சேர்வர். அதில் டிபிடிகே என்ற நூலகத்தின் மேல் எழுதப்பட்ட ஒரு சிறிய மென்பொருளை ஓடவிட்டேன். உண்மையைச் சொன்னால் அந்த வேகம் எங்களுக்குத் தேவையே இல்லை. கற்றுக்கொள்ளும் ஆசைதான்.

ஒருநாள் இணைப்பு வழங்குநர் எங்கள் ஐ.பி. முகவரித் தொகுதியையும் நுழைவாயிலையும் மாற்றினார். முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சேர்வரின் லினக்ஸில் புதிய முகவரியையும் புதிய வழியையும் கொடுத்தேன். சேர்வரிலிருந்து பிங் செய்தேன், பதில் வந்தது. வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போனேன். மாலை நான்கு மணிக்கு மூன்று நிலையங்களிலிருந்தும் அழைப்பு: “அண்ணா, ஒன்றுமே வேலை செய்யுதில்ல.” திரும்பிப்போய்ப் பார்த்தால் சேர்வரிலிருந்து உலகம் முழுவதும் தெரிகிறது, பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியவில்லை. பிழைச்செய்தி எதுவும் இல்லை. அனுப்பிய பொதிகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருக்கிறது, திரும்பி வருவது பூச்சியம். இரவு ஒன்பதரைக்குத்தான் காரணம் பிடிபட்டது. லினக்ஸுக்குப் புதிய நுழைவாயில் தெரியும். பொதிகளை உண்மையில் கடத்தும் மென்பொருளுக்குத் தெரியாது. தான் தொடங்கியபோது வாசித்த கோப்பில் இருந்த பழைய நுழைவாயிலுக்கே அது எல்லாவற்றையும் அனுப்பிக்கொண்டிருந்தது.

ஒரே பெட்டிக்குள் இப்படி இரண்டு பட்டியல்கள் எப்படி வந்தன என்பதற்குக் கொஞ்சம் பின்னே போகவேண்டும்.

வழமையாக ஒரு தரவுப் பொதி வலையட்டைக்கு வந்ததும் பணிசெயல் முறைமையின் மையப்பகுதியான கேர்னல் அதை வாங்கும். யாருக்கானது, எந்த வழியால் போகவேண்டும் என்று தன் அட்டவணையைப் பார்த்து அனுப்பும். இது பாதுகாப்பான ஏற்பாடு, ஆனால் செலவு கூடியது. ஒவ்வொரு பொதிக்கும் நினைவகத்தில் இடம் ஒதுக்குவது, குறுக்கீடுகளைக் கையாள்வது, பிரதி எடுப்பது என்று வேலை நீளும். 10 ஜிகாபிட் இணைப்பில் மிகச்சிறிய பொதிகள் வந்தால் விநாடிக்கு 1 கோடியே 48 இலட்சம் வரும். ஒரு பொதிக்குக் கிடைக்கும் நேரம் சுமார் 67 நானோ விநாடி. 3 கிகாஹேர்ட்ஸ் செயலிக்கு அது 200 துடிப்பு மட்டுமே. கேர்னலின் வழமையான பாதையில் ஒரு கோர் இதற்கு ஈடுகொடுக்காது.

இன்டெல் நிறுவனத்தில் வெங்கி வெங்கடேசன் என்ற பொறியாளர் உருவாக்கிய டிபிடிகே இதற்கு ஒரு குறுக்குவழி. 2010இல் வெளிவந்தது, 2017இல் லினக்ஸ் பவுண்டேசனின் கீழ் வந்தது. 2018இல் அவர் புற்றுநோயால் மறைந்தார். டிபிடிகேயின் தந்தை என்று இன்றும் அவரைக் குறிப்பிடுகிறார்கள். டிபிடிகே செய்வது இதுதான்: வலையட்டையைக் கேர்னலின் கையிலிருந்து எடுத்து, பயனர் வெளியில் ஓடும் ஒரு சாதாரண நிரலிடம் நேரடியாகக் கொடுத்துவிடும். அந்த நிரல் குறுக்கீட்டுக்காகக் காத்திருக்காது. ஒரு கோரை முழுதாக எடுத்துக்கொண்டு, “பொதி வந்ததா, வந்ததா” என்று அட்டையைக் கேட்டுக்கொண்டே இருக்கும். பொதி ஒன்றும் வராத நள்ளிரவிலும் அந்தக் கோர் நூறு வீதம் ஓடும். எங்கள் மின்கட்டணத்தில் அது தெரிந்தது.

இன்று 5ஜி வலையமைப்புகளில் உங்கள் கைபேசியின் தரவைக் கடத்தும் பல மென்பொருள்கள், தாக்குதலைத் தடுக்கும் பெட்டிகள், பெரிய தரவு மையங்களின் சுமைப் பங்கீட்டிகள் எல்லாம் இந்த முறையில் எழுதப்பட்டவை. ஆகவே இது என்னைப்போல் ஆசைக்குச் செய்தவர்களின் பிரச்சினை மட்டுமல்ல.

வேகத்துக்கு ஒரு விலை உண்டு. அட்டையை எடுத்துக்கொடுத்த கணத்தில் லினக்ஸின் பட்டியலிலிருந்து அந்த இடைமுகமே மறைந்துவிடும். முகவரி கொடுக்கும் கட்டளை, வழி போடும் கட்டளை, ஓ.எஸ்.பி.எஃப்., பி.ஜி.பி. ஓட்டும் எஃப்.ஆர்.ஆர். போன்ற மென்பொருள், கண்காணிப்புக் கருவிகள் என்று முப்பது வருடமாகச் சேர்ந்த எல்லாமே கேர்னலிடம்தான் பேசும். கேர்னலுக்கோ இப்போது அட்டை தெரியாது. ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென்று ஒரு கோப்பு, ஒரு கட்டளை மொழி என்று எழுதத் தொடங்கியது. தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு பதிவேடு என்ற நிலைதான்.

இதைத் தீர்க்கப் பல வருடங்களாக முயற்சி நடக்கிறது. டிபிடிகேயிலேயே முன்பு கே.என்.ஐ. என்ற கேர்னல் மொடியூல் இருந்தது. பராமரிப்புச் சிக்கலால் 2023இன் கடைசி வெளியீட்டில் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது பெரும்பாலும் பாவிப்பது டப் எனும் போலி இடைமுகத்தை. ஒவ்வொரு உண்மையான போர்ட்டுக்கும் பதிலாளாக லினக்ஸில் ஒரு டப் இருக்கும். நீங்கள் முகவரியை அதற்குக் கொடுப்பீர்கள். சேர்வருக்கென்றே வரும் பொதிகளையும் ஏ.ஆர்.பி. கேள்விகளையும் மென்பொருள் அதற்குள் தள்ளிவிடும். அங்கிருந்து வருவதை வெளியே அனுப்பும். எங்கள் சேர்வரின் பிங் வேலை செய்தது இதனால்தான். அது டப் வழியாக, லினக்ஸின் சரியான அட்டவணைப்படி போனது. பிள்ளைகளின் பொதிகள் டப் பக்கமே போகவில்லை.

ஆகவே பதிலாள் இருந்தால் மட்டும் போதாது. அவரிடம் சொல்லப்படும் செய்தியை ஒருவர் காதுகொடுத்துக் கேட்கவேண்டும். லினக்ஸில் அதற்கான வழி நெட்லிங்க். 2003இலேயே ஓர் ஆவணமாக விவரிக்கப்பட்டது. முகவரி சேர்ந்தாலும் நீங்கினாலும், வழி மாறினாலும், இணைப்பு விழுந்து எழுந்தாலும், கேர்னல் ஒரு அறிவிப்பை வெளியிடும். விரும்பும் எந்த நிரலும் அதைக் கேட்கலாம்.

2020இல் மார்வெல் நிறுவனத்தின் பக்கத்திலிருந்து இதையே டிபிடிகேயின் பொது நூலகமாக்கும் முன்மொழிவு வந்தது. இடைமுகப் பதிலாள் என்று பொருள்படும் ‘இஃப் பிராக்சி’ அதன் பெயர். எந்தப் போர்ட்டுக்கு எந்தப் பதிலாள் என்று செயலி சொல்லும். நூலகம் நெட்லிங்கைக் கேட்டு, “மெக் முகவரி மாறியது”, “எம்.டி.யு. மாறியது”, “புதிய வழி வந்தது”, “அயல் ஒன்று போனது” என்று செயலியைத் தட்டிச் சொல்லும். கட்டமைப்புக் கட்டளைகளைச் செயலி எழுதுபவர் புதிதாகக் கண்டுபிடிக்கத் தேவையில்லை. பல திருத்தங்கள் கண்டும் அது டிபிடிகேயில் சேர்க்கப்படவில்லை. என் பார்வையில் அது இழப்புத்தான். சிஸ்கோவில் பிறந்து 2016இல் திறந்த மூலமான வி.பி.பி. என்ற மென்பொருள் இதே கருத்தை லினக்ஸ் சிபி என்ற செருகுநிரலில் செய்திருக்கிறது. நெதர்லாந்துக்காரரான பிம் வான் பெல்ட் 2021இல் அதை விரிவாக்கி, தன் ரவுட்டர்களிலேயே ஓட்டி, படிப்படியாக எழுதியும் வைத்தார். நான் அதிகம் கற்றது அதிலிருந்துதான்.

கேட்பது சுலபம் என்று நினைக்கவேண்டாம். எனக்கு இடறிய இடங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, தொடங்கும் ஒழுங்கு. இருக்கும் பட்டியலை முழுதாக வாசித்துவிட்டுப் பிறகு அறிவிப்புகளைக் கேட்கத் தொடங்கினால், இடைப்பட்ட கணத்தில் நடந்த மாற்றம் தொலைந்துவிடும். முதலில் காதைத் திறந்து, பிறகு பட்டியலைக் கேட்கவேண்டும். ஒன்றே இரண்டு தடவை காதில் விழலாம், அதில் தவறில்லை.

அடுத்தது நிரம்பிவழிதல். நெட்லிங்க் செய்திகள் ஒரு வரிசையில் காத்திருக்கும். நீங்கள் மெதுவாக வாசித்தால் வரிசை நிரம்பி, மிச்சம் கொட்டிவிடும். இணையத்தின் முழு வழி அட்டவணையில் ஐ.பி. நான்காம் பதிப்புக்கு மட்டும் 9 இலட்சத்துக்கு மேல் வழிகள் உண்டு. ஒரு பி.ஜி.பி. இணைப்பு எழும்போது அத்தனையும் ஒரேயடியாக வரலாம். நல்ல வேளையாக, செய்திகள் கொட்டினால் கேர்னல் மறைப்பதில்லை. அடுத்த வாசிப்பில் ‘இடம் போதவில்லை’ என்ற பிழையைத் தரும். அந்தப் பிழையைப் பார்த்ததும் முழுப் பட்டியலையும் திரும்பக் கேட்டு ஒப்பிடவேண்டும். பல நிரல்கள் அதைப் பதிவுக்கோப்பில் ஒரு வரியாக எழுதிவிட்டு மேலே போய்விடுகின்றன. என்னுடையதும் முதலில் அப்படித்தான் செய்தது.

மூன்றாவது அயல் அட்டவணை. நுழைவாயிலின் மெக் முகவரியைக் கேர்னல் கண்டுபிடித்துச் சொல்கிறது. ஆனால் பிறகு ஓடும் பெருந்தரவு கேர்னலின் கண்ணில் படுவதில்லை. “இந்த அயலோடு யாரும் பேசவில்லையே” என்று அது நினைத்து, காலப்போக்கில் அந்தப் பதிவை அகற்றக்கூடும். செயலியும் கீழ்ப்படிந்து தன் பதிவை அழிக்கும். ஓடிக்கொண்டிருக்கும் இணைப்பு காரணமில்லாமல் நிற்கும். அயலை அவ்வப்போது தட்டிப்பார்க்க ஓர் ஏற்பாடு வேண்டும்.

எம்.டி.யு.வும் இருக்கிறது. வயர்லஸ் பாதையில் ஒரு டன்னல் போட்டால் ஒரு பொதியின் அளவு 1500 பைட்டிலிருந்து 1420 என்று குறையலாம். லினக்ஸில் மாற்றிச் செயலி அறியாவிட்டால், வாட்ஸ்அப் எழுத்து போகும், படம் போகாது. இந்த அறிகுறியைக் கண்டால் முதலில் இதைப் பாருங்கள்.

வேறொரு பாதையும் உண்டு: இரண்டாவது பட்டியலே வைத்துக்கொள்ளாதது. லினக்ஸிலேயே எக்ஸ்.டி.பி. என்ற வசதி 2016இல் வந்தது. வலையட்டையின் வாசலிலேயே ஒரு சிறு நிரலைக் கேர்னலுக்குள் ஓடவிடலாம். 2018 ஓகஸ்டில் வந்த 4.18 பதிப்பிலிருந்து அந்த நிரல் கேர்னலின் வழி அட்டவணையை நேரடியாகவே கேட்கலாம். பிரதி இல்லை, ஆகவே பழசாகவும் போகாது. அதே பதிப்பில் வந்த ஏ.எஃப். எக்ஸ்.டி.பி., அட்டையைக் கேர்னலிடமிருந்து பறிக்காமல் பொதிகளை மட்டும் பயனர் வெளிக்குத் தரும். மெலனொக்ஸ் அட்டைகளின் டிபிடிகே டிரைவரும் அட்டையைக் கேர்னலோடு பகிர்ந்துகொள்ளும். உச்ச வேகத்தில் டிபிடிகே இன்னும் முன்னிற்கிறது. ஆனால் சில ஜிகாபிட்டுக்குள் ஓடும் சமூக வலையமைப்புக்கு நான் இன்று எக்ஸ்.டி.பி.யைத்தான் சொல்வேன்.

எங்கள் சேர்வரில் வி.பி.பி.யும் லினக்ஸ் சிபியும் ஓடுகின்றன. எதிர்மலைக்குப் போகும் வயர்லஸ் கடும் மழையில் தளரும். அப்போது எஃப்.ஆர்.ஆர். மாற்று வழியாக 4ஜி இணைப்பை லினக்ஸில் போடும், வி.பி.பி. அதைக் கேட்டு மாறும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு அட்டவணைகளையும் ஒப்பிட்டு, வேறுபாடு இருந்தால் எனக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் ஒரு சிறு ஸ்கிரிப்டும் உண்டு. பிங்கை நான் இப்போது சேர்வரிலிருந்து செய்வதில்லை. தோட்டத்தில் உள்ள ஒரு பழைய மடிகணினியிலிருந்துதான் செய்கிறேன்.

இதைப் பழக விலைகூடிய அட்டை வேண்டாம். லினக்ஸ் உள்ள எந்தக் கணினியிலும் ‘ஐபி மொனிட்டர்’ என்ற கட்டளையைக் கொடுத்துவிட்டு, வலைக் கேபிளைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். இணைப்பு விழுந்தது, முகவரி போனது, வழி போனது, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது என்று திரையில் வரிவரியாக ஓடும். நெட்லிங்க் அறிவிப்புகள் அவைதான். வி.பி.பி.யையும் அதே கணினியில் இரண்டு பெயர்வெளிகளுக்கு நடுவே ஓடவிட்டால், அந்த வரிகளில் எதை அது பின்பற்றுகிறது, எதைத் தவறவிடுகிறது என்பதை ஒரு மாலையில் பார்த்துவிடலாம்.