அஞ்சலட்டையில் ஓர் ஏரி

கொடைக்கானல் ஏரி இயற்கையாய் அமைந்ததன்று. மதுரை ஆட்சியராயிருந்த லெவிஞ்சு 1863இல் ஓடையை அணையிட்டு மறித்ததால் உருவானது. பழைய படஅஞ்சலட்டைகளில் அதுவே மீண்டும் மீண்டும் காட்சி தருகிறது: படகுகள், கரையோர மாளிகைகள், தொப்பியணிந்த துரைமார்கள். பின்புறம் முகவரிக்கு மட்டுமே என்றிருந்த காலத்து அட்டைகளில், படத்தின் ஓரத்து வெள்ளையிடத்திலேயே நலம் விசாரித்து முடித்திருப்பார்கள்.

சிறுவயதுக் கோடை விடுமுறைகளில், சலேத் அன்னை ஆலயத்தில் திருப்பலி முடிந்ததும் நாம் ஏரிக்குத்தான் ஓடுவோம். பனியில் நனைந்த படகுப் பலகையின் குளிர் இன்னும் கையில் இருக்கிறது.

அட்டையில் இல்லாதவர்களைப் பற்றி அன்று யார் நமக்குச் சொன்னார்கள்? 1910களில் மோட்டார் செல்லும் மலைச்சாலை அமையும்வரை, பெரியகுளம் பக்கத்து மலைப்பாதையில் நடந்தோ, குதிரையிலோ, டோலியிலோதான் மேலேற வேண்டும். டோலியைத் தாங்கிய தோள்கள் நம் மக்களுடையவை. சிலுவை சுமந்த சீரேன் ஊர் சீமோனின் பெயரை மாற்கு எழுதிவைத்தார். அவருடைய மைந்தர் இருவரின் பெயர்களையும் விடவில்லை. டோலி சுமந்தவர்களுக்கோ அப்படியோர் எழுத்தர் வாய்க்கவில்லை.

நாம் பார்த்த ஓர் அட்டையில் மட்டும், கரையோர மரத்தடியில் தலைப்பாகையுடன் ஒருவர் குந்தியிருக்கிறார், கடுகளவாய். கீழே அச்சிட்டிருப்பது ஏரியின் பெயர் மட்டுமே.