படி அளந்த பித்தளை

எங்க வீட்டுப் பரண்ல ஒரு பித்தளைப் படி கிடக்கு. தாத்தா காலத்துல அறுப்புக் கூலி அளந்த படி. களத்துக்குத் தராசு வந்த பிறகு அது மேலே ஏறிடுச்சு, யாரும் இறக்கல.

போன மாசம் சென்னையில ஒரு கைவினைக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். அங்கேயும் ஒரு பித்தளைப் படி இருந்துச்சு. மெல்லிய கம்பியை வரிசையா சுத்தி வச்ச மாதிரி உடம்பெல்லாம் கோடு. பேனா போட்டு வைக்கலாம்னு ஒருத்தர் வாங்கிட்டுப் போனார். அது தானியம் அளக்கிற பாத்திரம்னு அவருக்குத் தெரிஞ்ச மாதிரி இல்ல. தப்பு அவர் மேல இல்லைங்க. அதை அளக்கப் பயன்படுத்தினவங்களே இன்னிக்கு விட்டுட்டாங்க.

இந்த வேலைக்கு டோக்ரான்னு பேரு. மேற்கு வங்கம், ஒடிசா, ஜார்க்கண்ட், சத்தீஸ்கர்னு பல இடத்துல நடக்குது. சத்தீஸ்கரில் பஸ்தர் பகுதியில், ஜகதல்பூருக்கு வடக்கே இருக்கிற கொண்டகாவ் இதுக்குப் பேர்போன ஊர். அங்கே இதைச் செய்றவங்களை கட்வான்னு சொல்வாங்க. சுத்தியுள்ள முரியா, மாரியா கோண்டு மக்களுக்குச் சாமி உருவம், விளக்கு, மணி, தண்டை, தானியம் அளக்கிற படி எல்லாம் இவங்க கையாலதான் போச்சு.

செய்முறையைக் கேட்டா நம்ம வயக்காட்டுச் சாமான் மாதிரியே இருக்கும். களிமண்ணையும் உமியையும் பிசைஞ்சு உள்கரு பிடிக்கணும். காய்ஞ்சதும் தேன்மெழுகை இடியாப்பம் பிழியற மாதிரி நூலா பிழிஞ்சு, கரு மேல ஒட்ட ஒட்டச் சுத்தணும். கண், மூக்கு, நகை எல்லாமே அந்த மெழுகு நூல்தான். அதுக்கு மேல முதல்ல நைசான மண், அப்புறம் முரட்டு மண் பூசிக் காயவச்சுச் சூளையில வைப்பாங்க. மெழுகு உருகிப் போயிடும். அது இருந்த இடத்துல உருக்கின பித்தளை இறங்கும். பெரும்பாலும் பழைய பாத்திரம், உடைஞ்ச சாமான்தான் உருக்கப்படுது. ஆறினதும் மண்ணை உடைச்சாத்தான் பொருள் வெளியே வரும். அச்சு அதோட முடிஞ்சுது. அடுத்த பொருளுக்கு மறுபடியும் களிமண்ல இருந்து தொடங்கணும்.

நம்ம சுவாமிமலை ஸ்தபதிகளும் மெழுகை உருக்கித்தான் சிலை வார்க்கிறாங்க. ஆனா அது உள்ளே கெட்டியான வார்ப்பு. டோக்ராவுல உள்ளே மண் கரு இருக்கிறதால உலோகம் மேலே ஓடு மாதிரிதான் நிக்கும். கொஞ்சம் பித்தளையில பெரிய உருவம் செய்யலாம். காசு குறைவா புழங்கின ஊருக்கு இது எவ்வளவு பெரிய உதவி!

1926-ல் மொகஞ்சதாரோவில் கிடைச்ச நடனப் பெண் சிலையும் மெழுகு வார்ப்புதான். பத்தரை சென்டிமீட்டர் உயரம், சுமார் 4500 வருஷப் பழமை. அதுக்காக கட்வாக்களை சிந்துவெளிக்காரங்களோட நேர் வாரிசுன்னு சொல்லிட முடியாது. முறை அவ்வளவு பழசு, அவ்வளவுதான்.

இத்தனை காலம் நின்ன தொழிலை அசைச்சது அலுமினியமும் எவர்சில்வரும். பாத்திரம் மலிவா சந்தைக்கு வந்துச்சு. 1956-ல் வந்த எடை அளவுச் சட்டத்துக்குப் பிறகு நாடு முழுக்கக் கிலோவும் லிட்டரும் பரவி, படிக்கு இருந்த மரியாதை போச்சு. பக்கத்து ஊர்க்காரர் வாங்கறது குறைஞ்சதும் தொழில் பட்டணத்தைப் பார்த்துத் திரும்புச்சு. கொண்டகாவ் ஜெய்தேவ் பாகேல் மாதிரி கலைஞர்கள் இதை வெளிநாடு வரைக்கும் கொண்டுபோனாங்க. புவிசார் குறியீடும் கிடைச்சிருக்கு. தொழில் பிழைச்சுது. ஆனா முன்னெல்லாம் படி சரியா அளக்கலைன்னா பக்கத்து ஊர்க்காரர் திருப்பிக் கொண்டுவந்து சண்டை போடுவார். இன்னிக்கு வாங்கறவருக்கு அது அழகா இருந்தா போதும்.

நீங்க வாங்கும்போது ஒண்ணு செய்யுங்க. ஒரே மாதிரி ரெண்டு பொருளை எடுத்துப் பக்கத்துல வச்சுப் பாருங்க. கையால சுத்தின நூல்னா கோடு ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகாது. அச்சு அசலா இருந்தா சந்தேகப்படுங்க. ஒத்துப்போகலைன்னா பேரம் பேசாதீங்க. அதுக்காக ஒரு அச்சு உடைஞ்சிருக்கு.

வீட்டுக்கு வந்ததும் பரண்ல ஏறி எங்க படியை இறக்கிப் புளி போட்டு விளக்கினேன். அடியில தாத்தா பேர் வெட்டியிருக்கு. இந்தப் போகத்துக்கு விதைநெல் அதுலதான் அளந்தேன்.