பாஸ்டியன் பாயிண்ட் நில மீட்பு

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில், வைட்டமாட்டா துறைமுகத்தைப் பார்த்தபடி அமைந்த கடலோர மேட்டுநிலம் பாஸ்டியன் பாயிண்ட். மாவோரிப் பெயர் டகபராஃபாவ். மாவோரிகளில் ஙாட்டி ஃபாட்டுவா ஒராக்கெய் குலத்தாருக்கு உரிய இந்நிலம், நூறாண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் துண்டு துண்டாக அரசின் கைக்குப் போனது. பொதுப்பணிக்கென்று எடுத்த நிலம், அந்தத் தேவை தீர்ந்த பிறகு யாரைச் சேர வேண்டும் என்ற கேள்வியைக் கூர்மையாக எழுப்பிய போராட்டக் களம் இது.

1840 பிப்ரவரி 6இல் கையெழுத்தான வைட்டாங்கி உடன்படிக்கையில், மாவோரிகள் விரும்பும்வரை அவர்கள் நிலம் அவர்கள் வசமே இருக்கும் என்று பிரிட்டிஷ் முடியரசு உறுதி தந்தது. அவ்வாண்டே குலத்தலைவர் அபிஹாய் டெ காவாவ், ஆளுநர் ஹாப்சனைத் தலைநகர் அமைக்க அழைத்துச் சுமார் 3,000 ஏக்கர் கொடுத்தார். ஓராண்டுக்குள் அதில் 44 ஏக்கரை மட்டும் அரசு 24,000 பவுனுக்கு மேல் விற்றது.

மிஞ்சிய 700 ஏக்கர் ஒராக்கெய் நிலத்தை, விற்கக்கூடாத சொத்து என்று 1869இல் பூர்வகுடி நில நீதிமன்றம் தீர்த்தது. ஆனால் குலம் முழுவதற்கும் பாத்தியப்பட்டதை 13 பேர் பெயரில் எழுதிவைத்தது. 1898இல் அது தனியாள் பங்குகளாகவும் பிரிந்தது. கூட்டுச் சொத்தாக இருந்தவரை அசைக்க முடியாத நிலத்தை, 1913 முதல் அரசு பங்கு பங்காக வாங்கியது. 1920களின் இறுதிக்குள் பெரும்பகுதி போய்விட்டது. சட்டப்படி நடந்த விற்பனைதான். ஆனாலும் காக்கப்படும் என்று நீதிமன்றமே சொன்ன நிலம் அது.

இடையில் 1886இல், ரஷ்யக் கப்பல்கள் வரக்கூடும் என்ற அச்சத்தில், கோட்டை கட்ட 13 ஏக்கரைப் பொதுப்பணிச் சட்டத்தின் கீழ் அரசு எடுத்தது. பாதுகாப்புத் தேவை முடிந்தபின் அந்நிலம் உரியவர்களுக்குத் திரும்பவில்லை, நகரின் பூங்காவானது. இந்த வரலாற்றில் அநீதி மிகத் தெளிவாகத் தெரியும் இடம் இதுவே. எடுத்ததற்குச் சொன்ன காரணம் மறைந்தபோது, எடுத்ததை வைத்துக்கொள்ள வேறொரு காரணம் கண்டுபிடிக்கப்பட்டது.

ஒகாஹு விரிகுடாக் கரையில் இருந்த குலத்தின் ஊருக்கு நேர்ந்தது இன்னும் கொடியது. 1910களில் நகரின் கழிவுநீர்க் குழாய் ஊருக்கும் கடலுக்கும் நடுவே மேடாகப் போடப்பட்டது. மழைநீர் வடிய வழியின்றி ஊர் சேறானது. சுத்திகரிக்காத கழிவு, அவர்கள் சிப்பி பொறுக்கிய கடலிலேயே கலந்தது. பிறகு அதே ஊரைச் சுகாதாரக் கேடு என்றார்கள். 1951இல் மிச்சமிருந்த சுமார் 12 ஏக்கரும் கட்டாயமாகக் கையகப்படுத்தப்பட்டது. வீடுகளும் கூடல் மன்றமும் கொளுத்தப்பட்டன. மேட்டில் இருந்த அரசு வீடுகளுக்குக் குடும்பங்கள் வாடகைக்குக் குடியேறின. குலத்துக்கென்று மிஞ்சியது கால் ஏக்கர் இடுகாடு.

1976இல் பிரதமர் மல்டூனின் அரசு, பாஸ்டியன் பாயிண்டில் தன் வசம் எஞ்சியிருந்த 24 ஹெக்டேரை மனைகளாகப் பிரிக்கப் போவதாக அறிவித்தது. 1977 ஜனவரி 5இல் குலத்தைச் சேர்ந்த ஜோ ஹாக் தலைமையில் மக்கள் அங்கே கூடாரமடித்துத் தங்கினர். தோட்டம் போட்டனர், கூடல் மன்றம் எழுப்பினர். அங்கே பற்றிய தீயில் ஒரு சிறுமி இறந்தாள். அப்போதும் அவர்கள் கலையவில்லை. 506ஆம் நாள், 1978 மே 25இல், ராணுவ வண்டிகளின் துணையுடன் காவல்துறை மேட்டைச் சூழ்ந்தது. 222 பேர் கைதாயினர். எதிர்த்து ஒரு கை ஓங்கப்படவில்லை; கட்டியவை அனைத்தும் இடிக்கப்பட்டன.

பொதுப்பணிக்கு வேண்டாத நிலத்தை முந்தைய உரிமையாளருக்கோ வாரிசுக்கோ முதலில் தர முன்வர வேண்டும் என்ற விதி 1981ஆம் ஆண்டுப் பொதுப்பணிச் சட்டத்தில் இடம்பெற்றது. ஆனால் அது பெரும்பாலும் நடப்பு விலைக்குத் தருவது. பறிகொடுத்தவர் காசு கொடுத்து வாங்க வேண்டும். உடன்படிக்கை மீறல்களை விசாரிக்கும் வைட்டாங்கி தீர்ப்பாயத்துக்கு, 1840 வரை பின்னோக்கி விசாரிக்கும் அதிகாரம் 1985இல் கிடைத்தது. ஹாக் தொடுத்த ஒராக்கெய் வழக்கில் 1987இல் வந்த அறிக்கை குலத்தின் பக்கம் நின்றது. மறு ஆண்டு அரசு இணங்கியது. 1991ஆம் ஆண்டு ஒராக்கெய் சட்டம் நிலத்தைத் திருப்பித் தந்து 30 லட்சம் டாலரும் வழங்கியது. 2012இல் மேலும் 1.8 கோடி டாலருக்கு இறுதித் தீர்வு ஏற்பட்டது. மீண்ட மேட்டுநிலத்தின் பெரும்பகுதியைக் குலத்தார் வேலியிட்டு அடைக்கவில்லை. நகராட்சியோடு சேர்ந்து நிர்வகித்து, ஆக்லாந்து மக்கள் எல்லோரும் வந்துபோகும் திறந்தவெளியாகவே வைத்திருக்கிறார்கள்.